ஜீம்சா பாட்டிலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்: பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஓரல் பேத்தாலஜி துறைத் தலைவர்களுக்கும், எம்.டி.எஸ். ஆய்வேட்டு வழிகாட்டிகளுக்கும், நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

செல் மரபியல் ஆய்வுக்கூடங்களில் ஸ்லைடு எண்ணுவதையே வேலையாகக் கொண்ட சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். எந்தக் கல்லூரியையும் பெயர் சொல்லிக் குறை கூறுவது நோக்கம் அல்ல. கேட்பது ஒன்றுதான்: கன்னத்தின் உட்பக்கத்திலிருந்து எடுத்த செல்களில் நுண்கரு (உட்கருவுக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும் சிறு டி.என்.ஏ. பொட்டலம்) எண்ணும் ஆய்வுகளுக்கு ஜீம்சா சாயம் போடுவதை நிறுத்துங்கள். மே-குரூன்வால்ட் ஜீம்சா, பாப், எச் அண்ட் ஈ என்ற மற்றப் பொதுச் சாயங்கள் எல்லாமே இதில் அடக்கம். டி.என்.ஏ.வை மட்டும் பிடிக்கும் சாயம் போடாத ஸ்லைடில் எண்ணிய எண்ணிக்கையை வைத்து, ஒருவரின் மரபணுப் பொருள் சேதமடைந்திருக்கிறது என்று எழுத முடியாது.

புகையிலை மெல்பவர்கள், பெட்ரோல் பங்கில் வேலை பார்ப்பவர்கள், தோல் பதனிடும் தொழிலாளர்கள், பூச்சிமருந்து அடிப்பவர்கள், தாடை முழுவதையும் ஒரே படமாக எடுக்கும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுத்த பிள்ளைகள் என்று இந்தச் சோதனைக்கு ஆட்கள் குறைவில்லை. ஊசி குத்த வேண்டாம், வளர்ப்பு ஊடகம் வேண்டாம், ஐந்து நிமிடத்தில் மாதிரி கைக்கு வந்துவிடும். மூன்றாண்டுப் படிப்புக்குள் முடிக்க வேண்டிய ஆய்வேட்டுக்கு இதைவிட வாகான தலைப்பு கிடைப்பது கஷ்டம். சோதனையும் நல்ல சோதனைதான். மாதிரி எடுப்பது சுலபமாக இருப்பதால் எண்ணுவதும் சுலபம் என்று நினைத்துவிட்டோம், அங்கேதான் சறுக்கல்.

நுண்கரு எப்படி உண்டாகிறது என்பதை ஒரு பத்தியில் சொல்லிவிட்டுப் போகிறோம், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அது தேவை. செல் பிரியும்போது ஒரு குரோமோசோமின் உடைந்த துண்டோ, இழை சரியாகப் பற்றாத ஒரு முழுக் குரோமோசோமோ நடுவில் தங்கிவிடும். புதிய உட்கருக்கள் இரண்டும் மூடிக்கொண்ட பிறகு, தங்கியது தன்னைச் சுற்றித் தனியாக ஒரு சவ்வைப் போர்த்திக்கொள்ளும். அதுதான் நுண்கரு. அந்தச் சவ்வு பலவீனமானது, எளிதில் கிழியும். உள்ளே இருக்கும் குரோமோசோம் சுக்குநூறாக உடைந்து தாறுமாறாக ஒட்டிக்கொள்வதை 2015-இல் நேரடியாகக் காட்டினார்கள். கிழிந்த நுண்கருவின் டி.என்.ஏ.வை செல்லின் கிருமி எச்சரிக்கை அமைப்பு மோப்பம் பிடிப்பது 2017-இல் தெரியவந்தது. ஆக, புற்றுநோய் ஆய்வில் நுண்கரு இன்றைக்கு வெறும் அடையாளம் இல்லை, அதுவே சேதத்தில் பங்கெடுக்கும் ஒன்று. நம் விஷயத்துக்குத் தேவையானது இவ்வளவுதான்: நுண்கரு என்பது டி.என்.ஏ. இருக்கும் பொட்டலம், செல் பிரிந்தால்தான் அது உண்டாகும்.

இனி ஜீம்சா. இந்தப் பழக்கம் இரத்தத்திலிருந்து வந்தது. சிவப்பணுவுக்குள் தங்கிவிடும் உட்கருத் துணுக்கை ஹவல்-ஜாலி உருண்டை என்று ஹெமட்டாலஜியில் நூறாண்டுக்கும் மேலாகப் பார்த்துவருகிறோம். 1970களில் எலியின் எலும்பு மஜ்ஜையில் இளம் சிவப்பணுக்களை எண்ணும் சோதனை வந்தபோது அதே சாயம் போதுமானதாக இருந்தது. உட்கரு இல்லாத செல்லில் ஊதாப் பொட்டு தெரிந்தால் சந்தேகத்துக்கு இடம் குறைவு. அங்கேகூட மாஸ்ட் செல் துகள்கள் ஏமாற்றும் என்பதால், வேதிப்பொருள்களின் பாதுகாப்புச் சோதனைக்காகப் பல நாடுகள் பின்பற்றும், ஓ.ஈ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பின் 474-ஆம் வழிகாட்டி, அக்ரிடின் ஆரஞ்சு போன்ற டி.என்.ஏ. சாயம் போட்டால் இத்தகைய பொய்ப் பொட்டுகளைத் தவிர்க்கலாம் என்கிறது. 1985-இல் ஃபெனெக், மார்லி என்ற ஆய்வாளர்கள் லிம்போசைட் (இரத்த வெள்ளையணு வகை) வளர்ப்பில், செல் இரண்டாகப் பிளப்பதைத் தடுக்கும் சைட்டோகலாசின்-பி சேர்த்து இரட்டை உட்கரு செல்களை மட்டும் எண்ணும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதிலும் ஜீம்சா ஓடுகிறது, ஓடலாம். கிருமி இல்லாத வளர்ப்பு, கெரட்டின் (தோலைக் கடினமாக்கும் புரதம்) இல்லாத செல்.

கன்னத்து செல் அப்படியா? வாயில் பாக்டீரியா உண்டு, உணவுத் துணுக்கு உண்டு, வெற்றிலைப் பாக்குக் கறை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகக் கெரட்டோஹயலின் துகள் உண்டு. கன்னத்து உட்தோல் இயல்பில் கெரட்டின் படியாத தோல். புகையிலையும் சுண்ணாம்பும் உரசிக்கொண்டே இருந்தால் அது கெரட்டின் போடத் தொடங்கும், வெள்ளைத் திட்டாகும். இதை உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை, உங்கள் பாடம் அது. அந்த மாற்றத்தோடு வரும் கெரட்டோஹயலின் துகள் காரச் சாயத்தைக் குடிக்கும். ஜீம்சா ஸ்லைடில் அது உருண்டையாக, ஊதாவாக, உட்கருவுக்குப் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். எண்ணுபவர் ஒன்று போட்டுக்கொள்வார்.

இந்தப் பிழை இரண்டு குழுவுக்கும் ஒரே அளவில் விழுந்தால்கூட மன்னித்துவிடலாம், வித்தியாசமாவது மிஞ்சும். அப்படி விழுவதில்லை. கெரட்டின் கூடுவது புகையிலை மெல்பவர் வாயில். பாக்டீரியா கூடுவதும் பெரும்பாலும் அதே வாயில். ஒப்பிடுவதற்கான கட்டுப்பாட்டுக் குழுவில் இருப்பவரோ தினம் இருமுறை பல் தேய்க்கும் மாணவர். சாயம் தப்பாகப் பிடிப்பது அத்தனையும் ஒரே பக்கமாகச் சேர்ந்து, அழகான ஒரு வித்தியாசமும், அது தற்செயல் அல்ல என்று காட்டும் பூச்சியம் பூச்சியம் ஒன்று என்ற பி-மதிப்பும் கிடைக்கும். வியன்னாவில் ஒரு குழு புகைப்பவர்களிடமும் புகைக்காதவர்களிடமும் எடுத்த செல்களைப் பல சாயங்களில் ஒப்பிட்டு 2006-இல் வெளியிட்டது. ஜீம்சா, மே-குரூன்வால்ட் ஸ்லைடுகளில் தெரிந்த உயர்வு டி.என்.ஏ. சாயங்களில் தெரியவில்லை.

உங்கள் துறை அலமாரியில் இருக்கும் பழைய ஆய்வேடுகளைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. கட்டுப்பாட்டுக் குழுவின் சராசரியை மட்டும் பாருங்கள். உலகெங்கும் 30 ஆய்வுக்கூடங்களிலிருந்து 5,424 பேரின் கன்னத்து செல் எண்ணிக்கையைத் திரட்டிய ஹியூமன்-எக்ஸ்எல் கூட்டாய்வு 2011-இல் தந்த இயல்பு அளவு ஆயிரம் செல்லுக்கு 0.74. நம்பக இடைவெளி 0.52 முதல் 1.05 வரை. செய்முறை அம்சங்களில் எண்ணிக்கையைப் பாதித்தது சாயம் ஒன்றுதான் என்றும் அதே ஆய்வு சொன்னது. ஆகவே, எந்தப் பழக்கமும் இல்லாத இருபத்தைந்து வயதுக்காரர்களுக்கு ஆயிரத்துக்கு 12 என்று ஓர் அட்டவணை காட்டினால், அது 16 மடங்கு. அந்த 12-இல் நுண்கரு எத்தனை, துகள் எத்தனை என்று அந்த ஸ்லைடைப் பார்த்த யாராலும் இனிச் சொல்ல முடியாது. லிம்போசைட்டில் ஆயிரத்துக்கு 6.5 இயல்பு என்று ஒரு எண் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அது வளர்ப்பில் ஒருமுறை பிரிந்து நிறுத்தப்பட்ட இரட்டை உட்கரு செல்லுக்கு. அதைக் கன்னத்துக்கு இழுக்கக் கூடாது.

கூடவே அலகையும் பாருங்கள். சதவீதமா, ஆயிரத்துக்கா? நுண்கருக்களின் எண்ணிக்கையா, நுண்கரு உள்ள செல்களின் எண்ணிக்கையா? ஒரே செல்லில் மூன்று இருந்தால் ஒன்று மூன்றாகிவிடும். இந்த இரண்டையும் தெளிவாக எழுதாத அட்டவணையை எதனோடும் ஒப்பிட முடியாது.

எத்தனை செல் எண்ணுவது என்பதில் கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போடுவோம். ஆயிரத்துக்கு 0.74 என்பது அரிதான நிகழ்வு, பாய்ஸான் கணக்குக்குள் வரும். 500 செல் எண்ணினால் இயல்பான 100 பேரில் 69 பேருக்குப் பூச்சியம் வரும். 1,000 எண்ணினால் 48 பேருக்கு. 2,000 எண்ணினால் 23 பேருக்கு. 4,000 எண்ணினால்தான் பூச்சியம் 5 பேராகக் குறையும். உண்மையிலேயே சேதம் இரட்டிப்பான ஒருவரை 1,000 செல்லில் பார்த்தால்கூட நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான தடவை பூச்சியம்தான் தெரியும். ஹியூமன்-எக்ஸ்எல் குழு 4,000 செல் என்று சொன்னது இதனால்தான். 2009-இல் வெளியான விரிவான செய்முறை 2,000 முதிர்ந்த செல்களை நுண்கருவுக்கும், தனியாக 1,000 செல்களை வகை பிரிக்கவும் கேட்டது. 2,000-க்குக் கீழே எண்ணுவது நேர விரயம் என்பது எங்கள் கருத்து. 60 பேரிடம் 500 செல் எண்ணுவதைவிட, ஆட்களைக் குறைத்து ஆளுக்கு 4,000 எண்ணலாமா என்று சிலர் கேட்பார்கள். ஆளுக்கு ஆள் வேறுபாடும் இருப்பதால் ஆட்களையும் ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. முதுநிலை மாணவர் ஒருவர் தாங்கக்கூடிய அளவு குழுவுக்கு முப்பது பேர், ஆளுக்கு 2,000 செல். அதையும் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பேருக்கு மேல் எண்ணக் கூடாது. கண் சோர்ந்தால் பொட்டுகள் கூடும்.

இப்படிப் பூச்சியமும் ஒன்றும் நிறைந்த எண்களுக்கு, சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட் பொருந்தாது. பாய்ஸான் அல்லது நெகட்டிவ் பைனாமியல் ரிக்ரெஷன் போடச் சொல்லுங்கள், வயதை அதில் சேர்க்கச் சொல்லுங்கள். புள்ளியியல் ஆசிரியரிடம் ஸ்லைடு எண்ணி முடித்தபிறகு போகாமல், சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுதும்போதே போகச் சொல்லுங்கள்.

மாற்றுச் சாயத்துக்குப் பணம் எங்கே என்ற கேள்வி வரும் என்று தெரியும். உங்கள் துறை ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள். கேண்டிடா பூஞ்சை பார்க்கப் பி.ஏ.எஸ். சாயம் போடுகிறீர்கள் அல்லவா, அதற்கான ஷிஃப் சாயநீர் பாட்டில் அங்கேதான் இருக்கும். டி.என்.ஏ.வை மட்டும் பிடிக்கும் ஃபியூல்ஜென் சாயத்துக்கு வேண்டியது அதே ஷிஃப்தான். பி.ஏ.எஸ்.-இல் பெர்அயோடிக் அமிலம் சர்க்கரையை உடைத்து ஆல்டிஹைடைத் திறக்கிறது. ஃபியூல்ஜெனில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் டி.என்.ஏ.வின் பியூரினைக் கழற்றி ஆல்டிஹைடைத் திறக்கிறது. வித்தியாசம் ஒரு அமிலம். 1924-இல் வந்த முறை, நூறு வயதாகிவிட்டது.

செய்முறையை நாங்கள் செய்கிற வரிசையிலேயே சொல்கிறோம், ஒவ்வொரு இடத்திலும் எது கெடும் என்பதோடு.

முதலில் வாயை இரண்டு முறை தண்ணீரில் நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். மரச் சட்டுவத்தை விடுங்கள், அது மேலே செத்துக் கிடக்கும் செல்களைத்தான் வழிக்கும். சிறிய தலையுள்ள மென்மையான டூத்பிரஷால் ஒரு கன்னத்தில் 20 முறை வட்டமாகச் சுற்றுங்கள். மறு கன்னத்துக்கு வேறு பிரஷ். பிரஷை நேராக ஸ்லைடில் தேய்க்கும் பழக்கம்தான் பாதிப் பிரச்சினைக்கு மூலம்: பாக்டீரியா, எச்சில், கறை எல்லாம் செல்லோடு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பிரஷை பஃபர் உள்ள குழாயில் உதறி எடுங்கள். பஃபர் என்பது டிரிஸ் 0.01 மோலார், ஈ.டி.டி.ஏ. 0.1 மோலார், சோடியம் குளோரைடு 0.02 மோலார், பி.எச். 7. ஒரு லிட்டருக்கு டைசோடியம் ஈ.டி.டி.ஏ. 37.2 கிராம், டிரிஸ் 1.21 கிராம், உப்பு 1.17 கிராம். எல்லாம் கரைந்ததும் பி.எச். 7-க்குக் கீழேதான் நிற்கும். சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக விட்டு ஏற்றுங்கள். ஈ.டி.டி.ஏ. இவ்வளவு எதற்கு என்றால், எச்சிலில் இருக்கும் டி.என்.ஏ. வெட்டும் நொதிக்கு மக்னீசியம் வேண்டும், அதை இது பிடித்து வைத்துக்கொள்ளும். பஃபரை விட்டுவிட்டு வெறும் சலைனில் மாலை வரை வைத்தால், உட்கரு மங்கி, செல் இறப்பு அடையாளம் என்று தப்பாக எண்ணப்படும்.

சென்ட்ரிஃப்யூஜில் 1,500 சுற்றில் 10 நிமிடம். மேல்நீரை எடுத்துவிட்டுப் புது பஃபர் ஊற்றி இன்னும் இரண்டு முறை. மேல்நீர் தெளிவாகும்வரை கழுவுங்கள். இந்தக் கழுவலைச் சோம்பலால் குறைக்காதீர்கள். பாக்டீரியாவுக்கும் டி.என்.ஏ. உண்டு, ஃபியூல்ஜென் அதையும் லேசாகப் பிடிக்கும். ஒரு காக்கஸ் கிருமி ஒரு மைக்ரான் இருக்கும், சிறிய நுண்கருவும் அதே அளவுதான். சாயம் மட்டும் காப்பாற்றாது. செல்கள் கட்டிகட்டியாக இருந்தால் 21 கேஜ் ஊசியில் சில முறை மெதுவாக உறிஞ்சி விடுங்கள், டி.எம்.எஸ்.ஓ. 5 சதவீதம் சேர்த்தால் ஒட்டியவை பிரியும். செல்களைச் சுழற்றி ஸ்லைடில் படியவைக்கும் சைட்டோஸ்பின் கருவி இருந்தால் 600 சுற்றில் 5 நிமிடம். இல்லையென்றால் ஸ்லைடில் சொட்டு விட்டு உலர்த்துங்கள், ஒன்றின்மேல் ஒன்று விழுந்த செல்களை எண்ணாமல் விட்டால் போதும். எத்தனாலும் அசிட்டிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று கலந்து, அன்றன்றைக்குப் புதிதாகத் தயாரித்து, 10 நிமிடம் ஃபிக்ஸ் செய்யுங்கள். ஃபார்மலின் வேண்டாம். அதுவே ஒரு ஆல்டிஹைடு, ஷிஃப் அதையும் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது அமிலக் கட்டம், சாயத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 50 சதவீத எத்தனாலில் ஒரு நிமிடம், 20 சதவீதத்தில் ஒரு நிமிடம், தண்ணீரில் இரண்டு நிமிடம், பிறகு 5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 30 நிமிடம். அடர் அமிலம் சுமார் 12 மோலார், ஆகவே 100 மில்லிக்கு 42 மில்லி அமிலம். தண்ணீரை எடுத்துக்கொண்டு அதில் அமிலத்தை ஊற்றுங்கள், மாற்றிச் செய்தால் தெறிக்கும். 30 நிமிடம் என்பது ஏ.சி. அறையின் 22 டிகிரியை மனதில் வைத்து எழுதிய கணக்கு. சித்திரை மாதம் ஏ.சி. இல்லாத லேபில் 34 டிகிரி இருக்கும்போது அமிலம் வேகமாக வேலை செய்யும். நேரம் குறைந்தால் பியூரின் கழலாமல் நிறம் வெளிறும், கூடினால் டி.என்.ஏ.வே கரைந்துபோய் நிறம் வெளிறும். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருப்பதுதான் வம்பு. அதனால் தொடக்கத்தில் ஒரே ஆளின் ஐந்து ஸ்லைடை எடுத்து 15, 20, 25, 30, 40 நிமிடம் வைத்துப் பார்த்து, எது அடர்த்தியோ அதை உங்கள் லேபின் நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். அமிலத்தைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து வெப்பத்தை நிலையாக வைத்தால் இன்னும் நல்லது.

குழாய்த் தண்ணீரில் 3 நிமிடம் கழுவி, ஷிஃப்பில் இருட்டில் ஒரு மணி நேரம். ஷிஃப் நிறமற்றோ வெளிர் வைக்கோல் நிறத்திலோ இருக்க வேண்டும். இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் சல்ஃபர் டை ஆக்சைடு போய்விட்டது என்று அர்த்தம், யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். மறுபடி 5 நிமிடம் தண்ணீர், பிறகு 0.2 சதவீத லைட் கிரீனில் 20 முதல் 30 விநாடி. செல் வெளிர்பச்சை, உட்கரு மெஜந்தா. பச்சையை அதிகம் வைத்தால் சிறிய நுண்கரு மூழ்கிப்போகும்.

ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு ஸ்லைடை அமிலத்தில் வைக்காமல் மற்ற எல்லாக் கட்டத்திலும் விடுங்கள். அதில் மெஜந்தா எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் அது டி.என்.ஏ. அல்ல, வேறு எதிலோ ஆல்டிஹைடு இருக்கிறது. ஒரு ஸ்லைடு செலவில் கிடைக்கும் இந்த உத்தரவாதத்தைக் கன்னத்து நுண்கரு ஆய்வேடுகள் பல கேட்பதே இல்லை. ஃப்ளூரசன்ஸ் மைக்ரோஸ்கோப் இருந்தால் இன்னொரு வசதி: ஃபியூல்ஜென் நிறம் சிவப்பு ஃபில்டரில் ஒளிரும், சந்தேகமான பொட்டை இரண்டு வெளிச்சத்திலும் பார்த்துவிடலாம்.

ஆயில் இம்மர்ஷனில், 1,000 மடங்கில் ஒரு செல்லை வையுங்கள். அகலமான பச்சைத் தட்டு, நடுவில் ஓரம் தெளிவான மெஜந்தா உட்கரு, அதன் மேல் நுண்ணிய வலைபோன்ற நெசவு. பக்கத்தில் ஒரு சிறு வட்டம். அது உட்கருவின் விட்டத்தில் மூன்றில் ஒன்றுக்கும் பதினாறில் ஒன்றுக்கும் இடையில் இருக்கிறதா? அதே நிறம், அதே அடர்த்தி, அதே நெசவு இருக்கிறதா? ஃபைன் ஃபோகஸை லேசாகத் திருப்புங்கள். உட்கரு தெளியும்போது அதுவும் தெளிந்து, மங்கும்போது அதுவும் மங்கினால் அது செல்லுக்குள் இருக்கிறது. உட்கரு மங்கிய பிறகும் அது பளிச்சென்று நின்றால், மேலே உட்கார்ந்திருக்கும் கிருமி அல்லது சாயக் குப்பை. ஒளியைச் சிதறடித்து மினுக்கினாலும் குப்பைதான். மெல்லிய பாலம் ஒன்று இரண்டையும் இணைத்தால் அது நுண்கரு அல்ல, மொட்டு, 'உடைந்த முட்டை' என்று தனிக் கணக்கு. உட்கருவே சுருங்கிக் கருத்திருந்தாலோ, துண்டுதுண்டாகச் சிதறியிருந்தாலோ, வெளிறி நிழலாகியிருந்தாலோ அது செத்துக்கொண்டிருக்கும் செல். அதில் தெரியும் பொட்டை நுண்கருவாக எண்ணக் கூடாது, இறப்பு வகையில் எழுதுங்கள். டோல்பர்ட்டும் சக ஆய்வாளர்களும் 1992-இல் இந்த விதிகளை வகுத்தார்கள். விதிகளை மேற்கோள் காட்டும் ஆய்வேடுகள் பல, அந்த விதிகளில் ஃபியூல்ஜென் ஒரு நிபந்தனை என்பதைத்தான் விட்டுவிடுகின்றன.

எண்ணுபவருக்கு எது யாருடைய ஸ்லைடு என்று தெரியக் கூடாது. குறியீடு போடுவது எண்ணாத ஒருவர். புகையிலைக் கறை பார்த்தாலே தெரிந்துவிடுகிறதே என்றால், அதற்கும் கழுவல்தான் மருந்து. பத்தில் ஒரு ஸ்லைடை வேறு எண் ஒட்டி மறுபடி அதே ஆளிடம் கொடுங்கள். ஒரே ஆள் முதலில் 1, பிறகு 5 என்று எண்ணினால் ஆய்வைத் தொடங்கும் நேரம் இன்னும் வரவில்லை.

கட்டுப்பாட்டுக் குழு விஷயத்தில் ஒரு வார்த்தை. நாற்பத்தைந்து வயது தொழிலாளிக்கு எதிரே இருபத்திரண்டு வயது மாணவரை நிறுத்தாதீர்கள். வயது கூடக்கூட நுண்கரு கூடும், ஹியூமன்-எக்ஸ்எல் தரவில் அது மிகத் தெளிவு. உங்கள் துறை டெக்னீஷியன்களையும் சேர்க்காதீர்கள். அவர்கள் நாள் முழுக்க ஃபார்மலின் ஆவியில் நிற்கிறார்கள். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடை, மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் வகுப்பில் வைத்தது. அவர்களைப் பாதிப்புக்கு உள்ளான குழுவாக வைத்து ஒரு ஆய்வு செய்தால் அதைப் படிக்க எங்களுக்கு ஆசை.

ஓ.பி.ஜி. ஆய்வுகளில் நேரம் தவறுகிறது. கதிர் பட்டு சேதமடைவது அடியில் பிரிந்துகொண்டிருக்கும் செல். அது மேலே வந்து பிரஷில் சிக்க ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். படம் எடுத்த அன்றோ மறுநாளோ சுரண்டினால் கிடைப்பது எக்ஸ்ரேவுக்கு முன்பே பிரிந்து முடித்த செல்கள். சரியாகக் காத்திருந்து எடுத்த பல ஆய்வுகளிலும் உயர்ந்தது செல் இறப்பு அடையாளங்கள், நுண்கரு அல்ல. பெற்றோரைப் பயமுறுத்தும் தலைப்பு வைப்பதற்கு முன் இதைக் கவனியுங்கள்.

நெறிமுறைக் குழுவினருக்குத் தனியாக. ஒரு பெட்ரோல் பங்க் ஊழியரிடம் "உங்களுக்கு ஆயிரத்துக்கு 3 இருக்கிறது, கேன்சர் வரலாம்" என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை, ஏனென்றால் அப்படிச் சொல்லத் தரவு இல்லை. நுண்கருவுக்கும் பின்னாளில் வரும் புற்றுநோய்க்கும் உறவு காட்டிய பெரிய கூட்டாய்வு 2007-இல் வந்தது. 10 நாடுகளில் 20 ஆய்வுக்கூடங்கள், 6,718 பேர். அது இரத்த லிம்போசைட், கன்னத்து செல் அல்ல. அதிலும் பேசப்பட்டது கூட்டத்தின் அபாயம், தனி ஆளின் ஜாதகம் அல்ல. சம்மதப் படிவத்தில் இதைத் தமிழில் நேராக எழுதச் சொல்லுங்கள்: இந்தச் சோதனை உங்கள் உடல்நிலையைச் சொல்லாது. வாயைத் திறந்து பார்க்கும்போது வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ வாய் திறப்புக் குறைவோ தெரிந்தால், எண்ணிக்கைக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஓ.பி.க்கு அனுப்ப வேண்டும். தொழிலாளிக்கு இந்த ஆய்வால் கிடைக்கும் உறுதியான நன்மை அந்தப் பரிசோதனைதான்.

மாத்திரை கொடுத்து முன்னும் பின்னும் எண்ணும் ஆய்வுகளும் உங்களிடம் வரும், லைகோபீன், பீட்டா கரோட்டின் என்று. 1980களில் ஸ்டிக்கும் ரோசினும் வெற்றிலைப் பாக்கு மெல்பவர்களிடம், கேரளத்திலும்கூட, பீட்டா கரோட்டின் கொடுத்து நுண்கரு குறைவதைக் காட்டினார்கள். நல்ல வேலை, கன்னத்து நுண்கருச் சோதனைக்கே வழி போட்டவர்கள் அவர்கள். ஆனால் 1994-இல் ஃபின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த சோதனையில் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. உறுப்பு வேறு, பழக்கம் வேறு என்பது சரி. ஆனாலும் நுண்கரு குறைந்ததை மட்டும் வைத்து, புற்றுநோயைத் தடுத்துவிட்டோம் என்று முடிவுரையில் எழுத அனுமதிக்காதீர்கள். புகையிலையை விட்டவர் யார், விடாதவர் யார் என்ற பத்தியும் அந்த ஆய்வேட்டில் இருக்க வேண்டும். பெரும்பாலும் நுண்கருவைக் குறைப்பது புகையிலையை விட்டதாகத்தான் இருக்கும்.

சினாப்சிஸ் வரும்போது கேட்க வேண்டியவை அதிகமில்லை. சாயம் எது, செல் எத்தனை, அலகு என்ன, குறியீடு யார் போடுவது, அமிலம் இல்லாத ஸ்லைடு உண்டா, இயல்பு அளவாக எதை எதிர்பார்க்கிறீர்கள். இந்த ஆறுக்கும் பதில் இல்லாத தாளைத் திருப்பி அனுப்புங்கள். மாணவர் கோபப்படுவார், மூன்றாம் ஆண்டில் நன்றி சொல்வார். அக்ரிடின் ஆரஞ்சோ, டாப்பி என்ற ஒளிரும் டி.என்.ஏ. சாயமோ போட ஃப்ளூரசன்ஸ் வசதி இருந்தால் அதுவும் சரிதான், ஃபியூல்ஜென்தான் என்று நாங்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. அக்ரிடின் ஆரஞ்சே டி.என்.ஏ.வைப் பாதிக்கக்கூடியது என்பதால் கையுறை மட்டும் கட்டாயம்.

நாங்கள் சொல்வதை நம்ப வேண்டாம், உங்கள் ஸ்லைடிலேயே பார்த்துவிடுங்கள். பழைய ஜீம்சா ஸ்லைடுகளில் பத்தை எடுங்கள், புகையிலை மெல்பவர்கள் ஐந்து, மற்றவர்கள் ஐந்து. நுண்கரு என்று எண்ணிய ஒவ்வொரு செல்லுக்கும் மைக்ரோஸ்கோப் மேடையின் இரண்டு வெர்னியர் அளவையும் குறித்துக்கொண்டு, மொபைலில் ஒரு படமும் எடுங்கள். சைலீனில் கவர்கிளாஸைக் கழற்றி, ஆல்கஹாலில் சாயம் முழுக்க இறங்கும்வரை கழுவி, அதே ஸ்லைடுக்கு ஃபியூல்ஜென் போடுங்கள். அதே மேடையில், அதே திசையில் ஸ்லைடை வைத்து, குறித்த அளவுக்குத் திருப்பி, அந்தச் செல்லையே மறுபடி பாருங்கள். மெஜந்தாவாக நிற்பவை எத்தனை, வெறும் பச்சையாகிவிட்டவை எத்தனை என்று இரண்டு குழுவுக்கும் தனித்தனியாக எழுதி, அந்தத் தாளைத் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஸ்லைடு எண்ணும் சிலர்